மேற்படி விலாசத்து மாணவர்

மணி எட்டு ஆகியும் சின்னவன் எழுந்திருக்கவில்லை. கடைக்குக் கிளம்பி வாசல்வரை போய்விட்ட பெரியவள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, அவன் அறை மின்விசிறியை அணைத்தாள்.

"அக்கா, காத்து வரலே."

"கரண்ட் போயிடுச்சு."

"சமையல்கட்டுல மிக்ஸி ஓடுதே?"

"அது வேற கரண்ட்."

சின்னவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகாது. அதற்குள் அம்மா வந்து விசிறியைப் போட்டு, அவன் தலைமாட்டில் காப்பியையும் வைத்துவிட்டாள்.

"ஏண்டி அவனைப் போட்டு படுத்தறே? இன்னும் மூணு மாசம் போனா இந்தத் தூக்கம் கிடைக்குமா? தூங்கட்டும் விடு."

"எனக்கு யாராவது தலைமாட்டுல காப்பி வச்சிருக்கீங்களா?"

"நீதான் ஆறு மணிக்கே எழுந்துடறியே, எந்தத் தலைமாட்டுல கொண்டுவந்து வைக்கிறது?"

பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வயிறு மட்டும் எரிந்துகொண்டே கூட வந்தது.

போன வாரம்தான் சின்னவன் ஒரு காகிதத்தைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தான். "சீட் கிடைச்சாச்சு! மேற்படிப்பு! மூணு மாசம் கழிச்சு கிளாஸ்!" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தார். "இந்தா அக்கா, நீயே படியேன்" என்று அவளிடமும் நீட்டினான்.

பெரியவள் அதைத் தொடவில்லை. தொட்டுப் படித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பொறாமை என்று நாலு பேருக்குத் தெரிந்துபோகும். "நான் என்னத்தைப் படிக்கிறது? உனக்கு சந்தோஷம்னா எனக்கும் சந்தோஷம்" என்று எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள்.

பின்னே என்ன? அதே பல்கலைக்கழகம். அதே இயற்பியல் துறை. நாலு வருஷத்துக்கு முன்னால் நுழைவுத் தேர்வில் மூன்றாவதாக வந்து அவள் வாங்கிய இடம். சேரப் போகிற வாரத்தில் அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்குக் கை நடுங்கினால் லென்ஸை எப்படித் தேய்ப்பார், ஃப்ரேமில் எப்படி மாட்டுவார்? "ஒரு மாசம் பார்த்துக்கோம்மா" என்றார். அந்த ஒரு மாசத்துக்கு இப்போது நாலு வயது.

அப்புறமும் சின்னவன் இரண்டு மூன்று தடவை, "அக்கா, அந்த லெட்டர்ல..." என்று ஆரம்பித்தான்.

"உன் லெட்டர் புராணத்தை வேற யார்கிட்டயாவது போய்ப் படி. எனக்கு வேலை இருக்கு."

"இல்லேக்கா, அதுல பேரு..."

"உன் பேரை நான் இருபத்திரண்டு வருஷமா பார்த்தாச்சு."

அதற்குப் பிறகு அவன் அந்த லெட்டரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டான். வீட்டில் யாருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவள் மனசு நோகக் கூடாதென்று மறைக்கிறார்களாம். அது அவளுக்கு இன்னும் எரிந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சின்னவன் கேட்டான். "அக்கா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். படிப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு மாசம் லீவு உனக்குக் கிடைச்சா நீ என்ன பண்ணுவே?"

"நானா? முதல் பத்து நாள் தூங்குவேன். அப்புறம் பழைய புத்தகத்தையெல்லாம் எடுத்து ஒவ்வொண்ணுலயும் முதல் அத்தியாயத்தைப் படிப்பேன். நீச்சல் கத்துப்பேன். மத்தியானம் மூணு மணிக்கு ஜன்னல் பக்கம் உக்காந்து ஒண்ணுமே பண்ணாம இருப்பேன். உன்னை மாதிரி சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

"அப்ப ஒரு வாரம் லீவு போடேன்."

"கடையை யாரு, நீ பார்ப்பியா?"

"பார்த்தா என்ன?"

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பெரியவளுக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. இந்தச் சோம்பேறியைக் கடைக்கு இழுத்துப் போய் முதுகை ஒடித்தால் என்ன?

"நாளைலேர்ந்து வா. எட்டரைக்கு."

அடுத்த நாள் எட்டு இருபதுக்கே சின்னவன் கடை வாசலில் நின்றான். வெறுப்பேற்றத்தான் சீக்கிரம் வந்தானோ என்னவோ.

முந்நூற்றுச் சொச்சம் ஃப்ரேம்களையும் எடுத்து, துடைத்து, திரும்ப மாட்டச் சொன்னாள். சாயங்காலம் வரை தாங்கும் வேலை. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, வட்ட முகத்துக்கு ஒரு வரிசை, நீள முகத்துக்கு ஒரு வரிசை, "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போறவங்களுக்கு" ஒரு வரிசை என்று மாற்றி அடுக்கியிருந்தான்.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"யாரையும் கேக்கலே. நல்லா இல்லையா?"

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். ஒரே வாரத்தில், வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"தம்பி இல்லையாம்மா?"

"நான் இருக்கேனே, என்ன வேணும்?"

"பரவால்லே, தம்பி வரட்டும். அவர்தான் என் மூக்கைப் பத்தி உண்மையைச் சொல்வார்."

நாலு வருஷமாக அவள் அந்த மூக்குகளிடம் மரியாதையாக நடந்துகொண்டதுதான் தப்பாகப் போயிற்று.

சரி, சிரித்துப் பேசி லென்ஸ் தேய்க்க முடியாதே என்று, அவனை மெஷின் முன்னால் உட்கார வைத்தாள். வீணாய்ப்போன லென்ஸ்கள் கிடந்த டப்பாவை எதிரில் வைத்து, "ஃப்ரேமுக்குத் தகுந்த மாதிரி விளிம்பைத் தேய்ச்சுக் கொடு பார்ப்போம்" என்றாள். அவள் நினைத்தபடியே முதல் நாள் பதினொரு லென்ஸ் போயிற்று. பெரியவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"அப்பா, இங்க வந்து பாருங்க உங்க பிள்ளை லட்சணத்தை!"

கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பா வந்தார். பார்த்தார். திட்டுவார் என்று அவள் ஒதுங்கி நின்று வழி விட்டாள். அப்பாவோ ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நடுங்குகிற கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அழுத்தாதே. லென்ஸே போய் உரசிக்கும். நீ பிடிச்சுக்கிட்டா போதும். ஆங்... அப்படித்தான்."

அன்றிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் அப்பா அவன் பக்கத்தில். பெரியவள் முதன்முதலில் லென்ஸை உடைத்தபோது, அவர் வீட்டில் கட்டிலில் படுத்தபடியே "பார்த்தும்மா, பார்த்து" என்று ஃபோனில் சொன்னதோடு சரி. மிச்சத்தையெல்லாம் அவளே உடைத்து உடைத்துத்தான் கற்றுக்கொண்டாள்.

"எனக்கு ஏம்பா இப்படிச் சொல்லித் தரலே?"

"உனக்குச் சொல்லித் தரவேண்டி இருக்கலேம்மா. நீயே கத்துக்கிட்டே."

புகழ்ச்சிதான். ஆனாலும் அது காதுக்குள் போகும்போதே புளித்துவிட்டது.

மூன்று மாசம் முடியப் போகிற வாரத்தில், கடைசி அஸ்திரமாக, கடையின் பழைய வாடிக்கைக்காரரான தலைமையாசிரியை ஒருவரை அவன் மேல் ஏவினாள். ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் குரல் மட்டும் இன்னும் பள்ளிக்கூட மைதானத்திலேயே இருந்தது. ஒரே கண்ணாடியை ஏழு தடவை திருப்பிக் கொண்டுவந்தவர். பெரியவள் லென்ஸை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்திருந்தாள், ஃப்ரேமை ஒரு தடவை.

"எழுத்து நீந்துது" என்றார் அந்த அம்மா, எட்டாவது தடவையாக.

"தம்பி பார்ப்பான், மேடம். ரொம்பக் கெட்டிக்காரன்" என்று அவனைக் கைகாட்டிவிட்டு, பெரியவள் வேடிக்கை பார்க்க வசதியாக உட்கார்ந்தாள்.

சின்னவன் கண்ணாடியைத் தொடவேயில்லை. "நீங்க எப்படி உக்காந்து படிப்பீங்க, காட்டுங்க மேடம்" என்றான்.

"படுத்துக்கிட்டுத்தான் படிப்பேன். இந்த வயசுல உக்காந்து படிக்க நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?"

"அப்ப தலையணையைக் கொஞ்சம் உயரமா வச்சுக்குங்க. நீங்க படிக்கிற பாகம் லென்ஸோட கீழ்ப்பக்கம் இருக்கு, நீங்க மேல்பக்கமாப் பார்க்கறீங்க."

மறுநாள் அந்த அம்மா வந்து கடையே அதிரும்படி அறிவித்தார். "எழுத்து நீந்தலே! இனிமே எனக்கு இந்தப் பையன்தான். நீ தப்பா நினைச்சுக்காதேம்மா, உனக்கு லென்ஸைத் தெரியுது, இவனுக்கு மனுஷங்களைத் தெரியுது."

பெரியவள் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டாள். மேற்படிப்பும் அவனுக்கு. அப்பாவின் முக்காலியும் அவனுக்கு. இப்போது வாடிக்கைக்காரர்களும் அவனுக்கு. நாலு வருஷமாக அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் கடை ஒன்றுதான்.

அன்று மத்தியானம் சின்னவன் யார் துணையும் இல்லாமல் ஒரு ஜோடி லென்ஸைத் தேய்த்து மாட்டினான். அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"போதும்டா. இன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பேசிடலாம். இனிமே தள்ளிப்போட முடியாது, நாளைக்கு கிளாஸ்."

"என்ன பேசணும்?" என்றாள் பெரியவள்.

"சாயங்காலம் சொல்றேன்."

"கடையைப் பத்தியா?"

அப்பா சின்னவனைப் பார்த்தார். சின்னவன் தரையைப் பார்த்தான். "கடையைப் பத்தியும்தான்."

போதாதா? படித்துக்கொண்டே கடையையும் அவன் பார்த்துக்கொள்வான், நீ வீட்டில் இரு என்று சொல்லப் போகிறார்கள். பெரியவளுக்குக் காதிரண்டும் ஜிவ்வென்று சூடாகிவிட்டன. "ஒரு இடத்துக்குப் போயிட்டு வர்றேன்" என்று பையை எடுத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடிமேல் பையை வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதினாள். யார் பேரையும் போடவில்லை, உறவையும் போடவில்லை; வீட்டு விலாசத்தை மட்டும் அடியில் எழுதினாள். மொட்டைக் கடிதத்துக்கு அதெல்லாம் எதற்கு?

"ஐயா, கீழ்க்கண்ட விலாசத்திலிருந்து இந்த ஆண்டு தங்கள் துறையில் சேரவிருக்கும் மாணவர், கிடைத்த மூன்று மாத விடுமுறையில் ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. தாங்கள் அனுப்பிய கடிதத்தைக்கூட மதித்துப் படித்ததாகத் தெரியவில்லை. பொழுது விடிந்தால் கண்ணாடிக் கடையே கதி என்று கிடக்கிறார். கூடப்பிறந்தவரின் அருமை கொஞ்சமும் அறியாதவர். மேற்படி விலாசத்து மாணவருக்குக் கொடுத்த இடத்தை, தகுதியும் ஆர்வமும் உள்ள வேறு யாருக்காவது கொடுத்தால் துறைக்கு நல்லது. இப்படிக்கு, பொதுநலம் விரும்பி."

இயற்பியல் துறை அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவர் மட்டும் இருந்தார். கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து மூக்கு நுனியில் தொங்கியது. வேறு நாளாக இருந்தால் பெரியவளே வாங்கிச் சரிசெய்து கொடுத்திருப்பாள்.

"இதைக் கொடுக்கச் சொன்னாங்க."

"யாரு?"

"எங்க தெருவில ஒருத்தர்."

குமாஸ்தா நிதானமாகப் படித்தார். விலாசத்தை இரண்டு தடவை படித்தார். தடித்த ஒரு பதிவேட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதை எழுதினவருக்கு இந்த மாணவரை நல்லாத் தெரியுமா?"

"பிறந்ததிலேர்ந்து தெரியும்."

"எழுதினதெல்லாம் நிஜம்தானா?"

"ஒரு வார்த்தை பொய்யில்லே, சார்."

"கூடப்பிறந்தவரோட அருமை தெரியாதுங்கறது?"

"அதுதான் சார் முக்கியமான குற்றச்சாட்டு."

"அப்ப இடத்தை எடுத்துட வேண்டியதுதான்" என்று குமாஸ்தா சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

சிவப்பு மையைப் பார்த்ததும் பெரியவள் பேனாவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்த முகம் கண்ணில் நின்றது. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, "நான் சேரலே, சார்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வார்த்தையை இன்னொருத்தர் சொல்ல வேண்டாம்.

"சார், வேணாம்! அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க. பாவம், சின்னப் பையன். லீவுல படிக்காட்டி என்ன, அப்புறம் படிச்சுப்பான். நல்ல பையன், சார்."

"எந்தப் பையன்?"

"என் தம்பி, சார். அவனுக்குத்தானே சீட்டு?"

குமாஸ்தா பேனாவை மூடி வைத்துவிட்டு, பதிவேட்டை மெதுவாக அவள் பக்கம் திருப்பினார். ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய புகைப்படத்தில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், மூன்றாவதாக வந்த பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி வந்து, நீங்க விட்டுட்டுப் போன இடத்தை உங்களுக்கே திரும்பக் கேட்டாரும்மா, லெட்டரை அக்கா படிக்கவே மாட்டேங்கறாங்க, கடை வேலையைக் கத்துக்கிட்டுச் சொன்னாத்தான் படிக்க வருவாங்கன்னும் அப்புறம் வந்து சொன்னார்; முப்பது வருஷமா இந்த நாற்காலில இருக்கேன், தன் மேலேயே மொட்டைக் கடிதம் எழுதி, அதைத் தானே கையில கொண்டுவந்து கொடுத்த மாணவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!"