துண்டுக்குள் பேசிய விலை

அன்று எங்கள் மாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான். படிப்பு நாலாம் வகுப்பு, பெரியநாயக்கன்பாளையத்தில் அரவை மில்லில் என்ஜின் ஓட்டுபவன். என் மனைவி ராசம்மாள். அவள் அண்ணன் சின்னச்சாமி, மாட்டுத் தரகர். மில் எலக்ட்ரீசியன் ஞானதாஸ், ரேடியோ விற்க வந்தவர். ராசம்மாளின் எருமை. (அன்று வாயை அடக்கியது அது மட்டும்தான்.)

ஞானதாஸ் வேலை மாறிச் சிலோனுக்குப் போகிறார். அவர் கையால் கட்டிய பெட்டி. கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். அதில் ஆஸ்திரேலியாக்காரன் ஒருவன் இருமியதை ஒருநாள் கேட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கையில் முந்நூறு ரூபாய் இருந்தது. அதற்கு மேல் போனால் எருமையை விற்க வேண்டும்.

"ஏர்ல பூட்டிப் பாக்காம மாடு வாங்குவமா? ஓட்டிக் காட்டச் சொல்லுங்க மாப்ள" என்றார் மச்சான்.

ஞானதாஸ் தென்னையில் ஏரியல் கம்பி கட்டினார், பேட்டரி பூட்டினார். "எங்க ஊடு ஒரு மைலுங்க. அங்க கேக்கற பெட்டி ஒண்ணு இருக்குது. அரை மணி கழிச்சுப் பேசுங்க. நீங்க பேசுனத ஒரு வார்த்தை உடாம வந்து ஒப்பிக்கறேன். முடிச்சதும் இந்தச் சுவிட்ச மேல தள்ளிப்போடுங்க."

சைக்கிளில் போனார்.

அரை மணி கழித்துச் சுவிட்சைக் கீழே தள்ளினேன். பெட்டிக்குள் வால்வுகள் பல்பு மாதிரி சிவந்தன. உலகத்தோடு பேசப் போகிறேன். என்ன பேசுவது என்று மட்டும் யோசித்திருக்கவில்லை. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினேன். "அவ்வளவுதானுங்க" என்று மைக்கைக் கும்பிட்டேன்.

சுவிட்சை மறந்தேன்.

மச்சான் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் தொகை தெரியாது. மூன்று விரல் பிடித்தார். நாலாவதில் பாதி பிடித்தார்.

"மூணு முழு வெரலு, ஒரு அரை வெரலு. முந்நூத்தி அம்பதுங்களா மச்சான்?" என்றேன். சத்தமாகத்தான்.

"அதுதான் கடைசி. இருநூறுல ஆரம்பிங்க. அந்தாளப் பாத்தா வெலை பேசத் தெரிஞ்சவராட்டம் இல்ல."

"ஏனுங்க, அப்ப என்ற எரும?" என்றாள் ராசம்மாள்.

"வித்துப்போடலாம் அம்மணி" என்றேன்.

ஞானதாஸ் வேர்க்க வேர்க்க வந்து நேராக நின்றார். ஒன்றிலிருந்து பத்து வரை ஒப்பித்தார். "அவ்வளவுதானுங்க" என்றார். நான் கை தட்டினேன். அவர் நிறுத்தவில்லை.

"மூணு முழு வெரலு, ஒரு அரை வெரலு..."

மூன்று பேர் குரலிலும் சொன்னார். ராசம்மாள் குரல் அப்படியே இருந்தது.

"ஒரு வார்த்தை தப்புங்களா?"

மறுக்கச் சொல்லி மச்சான் கண்ணைக் காட்டினார். மறுத்தால் பெட்டி ஓடவில்லை என்று ஆகும், அவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒப்புக்கொண்டால் எருமை போகும். ராசம்மாள் எருமையைப் பார்த்தாள். நான் வால்வைப் பார்த்தேன்.

"தப்பில்லீங்க" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இருநூத்தி எம்பது கேக்கலாம்னுதான் வந்தனுங்க" என்றார் ஞானதாஸ். "பெட்டி இத்தன நல்லா ஓடும்னு இப்பத்தான் தெரியுது."

பெட்டி இன்றும் ஓடுகிறது. வீட்டில் ரகசியம் பேசுவதற்கு முன் ராசம்மாள் அதன்மேல் ஒரு துண்டைப் போடுவாள். யாராவது விருந்தாளி காரணம் கேட்டால் என்னைக் கை காட்டுவாள். நான் தொகையை மட்டும் சொல்வேன்.

முந்நூற்று ஐம்பது.