மாஸ்டர் இல்லாத பெட்டி

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் மனிதன் உரக்கப் பேசுவான். நான் அப்படிப் பேசியதில் என் நிச்சயதார்த்தமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது கணியம்பாடியில் ஓர் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். (கல்யாண மாதங்களில் மட்டும். மற்ற மாதங்களில் சும்மா இருந்துகொண்டிருந்தேன்.) குழுவிடம் இரண்டு வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. சின்னதில் இரண்டு திருகுகள். ஒன்றை ஏற்றினால் கிட்டாருக்கு இனிமையான ஒரு கரகரப்பு வரும். ‘மாஸ்டர்’ என்கிற இன்னொன்று, வெளியே போகும் சத்தத்தை அடக்கி வைக்கும். பெரியது பழைய பெட்டி. அதில் மாஸ்டர் கிடையாது, ஒரே வால்யூம்தான். கரகரப்பு வேண்டுமென்றால் கடைசி வரை திருக வேண்டும், ஊரே எழுந்து உட்காரும்.

நிச்சயம் ஜமுனாமரத்தூரில், பெண் வீட்டில். “வர்றப்ப கிட்டார் எடுத்துனு வாங்க” என்று மஞ்சு போனில் சொல்லியிருந்தாள். சின்னப் பெட்டியே தாராளம். ஆனால் பந்தா யாரை விட்டது? மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் பெரிய பெட்டி வேனுக்குள் நகர்ந்து என் காலை மிதித்தது.

பந்தலில் ஒயரைச் சொருகிக்கொண்டே, கீபோர்டு வாசிக்கும் தியாகுவுக்குப் பாடம் எடுத்தேன்.

“மாஸ்டர் இருந்தாலே கெட்டுச்சுடா. உள்ள கீற அழகெல்லாம் அமுக்கி வெச்சிடும். மாஸ்டர் இல்லாததுதான் நல்லது.”

முதுகுக்குப் பின்னால் டீத் தட்டை யாரோ ‘டங்’கென்று வைத்தார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வால்யூமைக் கடைசி வரை திருகி ஒரே ஒரு தட்டு தட்டினேன். தகரக் கூரை அதிர்ந்தது. வரிசைத் தட்டிலிருந்து ஓர் ஆப்பிள் உருண்டோடியது. என் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, என்னைத் தெரியாதவர்போல வேறு பக்கம் பார்த்தார்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. தாய்மாமன் வந்து உட்காராமல் அந்த வீட்டில் தட்டு மாறாது. மஞ்சுவின் அப்பா பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மாஸ்டர் எங்க?”

மாமனாருக்கு ஆம்ப்ளிஃபயரெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப்போனேன்.

“மாஸ்டர் இல்லீங்க மாமா. வேணும்னேதான் வுட்டுட்டு வந்தோம்!”

அவர் முகம் இருண்டது. தியாகு யாரிடமோ விசாரித்துவிட்டு என் காதருகே வந்தான். “டேய், பொண்ணோட தாய்மாமன் டீக்கடை வெச்சிருக்காருடா. ஊரே அவர மாஸ்டர்னுதான் கூப்பிடுது. நீ பேசினத கேட்டுட்டு கோச்சினு போய்ட்டாராம்!”

வாசற்படியில் மஞ்சு கண்கலங்கி நின்றாள். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வேட்டியை மடித்துக் கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு (என்னைவிடக் கொஞ்சம்தான் எடை குறைவு) பஸ் நிற்கும் இடத்திலிருந்த டீக்கடைக்கு ஓடினேன். புதுச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு மாஸ்டர் மாமா டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“மாமா, நான் சொன்னது உங்கள இல்லீங்க. இந்த மாதிரி பெட்டில வர்ற ஒரு திருகத்தான் சொன்னேன்.”

அவர் குனிந்து பார்த்தார். “வால்யூம்... பேஸ்... ட்ரெபிள். மாஸ்டர் எங்க?”

“அதான் மாமா இல்ல.”

“இருந்தா இன்னா பண்ணும்?”

மூச்சு வாங்க விளக்கினேன். அவர் பாய்லரைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

“அடுப்ப முழுசா எரியவுட்டாத்தான் டிகாஷன் எறங்கும். ஆனா கிளாஸ்ல எவ்ளோ ஊத்தணும்னு ஒருத்தன் பாத்துக்கணும். அவன்தானே மாஸ்டரு?”

“ஆமாங்க மாமா.”

“அப்போ மாஸ்டர் இல்லாம ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லு.”

“ஆவாதுங்க.” (என் இசைக் கொள்கை அந்த டீக்கடையோடு முடிந்தது.)

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தட்டு மாறியது. அப்புறம் நான் வாசித்தபோது பெட்டி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வால்யூமை இரண்டுக்கு மேல் ஏறவிடாமல் பிடித்துக்கொண்டார். தண்ணி டீ மாதிரி ஒரு பாட்டு. மஞ்சு சிரித்தாள், எனக்கு அது போதும்.

இன்றும் எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், “வேணும்னேதான் வுட்டுட்டு வந்தோம்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

மாஸ்டர் மாமாவுக்கு இப்போது காது மந்தம். போன பொங்கலுக்குச் சின்னப் பெட்டியில் வாசித்தேன். ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தார். பெரியதை எடுத்துவந்து கடைசி வரை திருகினேன். கூரை அதிர்ந்தது, சமையலறையிலிருந்து மஞ்சு கத்தினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். முடிந்ததும், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“மாஸ்டர் இல்லாததுதாம்ப்பா நல்லா கீது!”