ஒரு கொறையும் இல்லீங்க

டிஜிட்டல் பொருளாதாரத்தை வளர்க்க அரசாங்கம் என்னென்ன செய்ய வேண்டும் என்று இப்போது பெரிய பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். அதையெல்லாம் இரண்டாயிரத்துச் சொச்சத்திலேயே வேலம்பாளையத்து டீக்கடை வாசலில் பேசி, ஓட்டுக்கு விட்டு, ஏகமனதாக நிறைவேற்றியும் முடித்துவிட்டார் ஒரு மனிதர். டெல்லிக்கு அது தெரியாமல் போனதற்கு அவர் பொறுப்பாக மாட்டார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்கள் வீதியில் அவர் பெயர் தீர்மானம். பனியனின் கழுத்தில் அளவு போட்டு ஒரு சின்னத் துணித்துண்டு தைத்திருக்குமே, பிடரியில் குத்துமே, அந்த லேபிளை அச்சடிக்கும் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் இரண்டு மெஷினும் ஒரு தகரக் கூரையும்தான். பல்லடத்துப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அதை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு லேபிளுக்கு வந்தவர்.

நான் தெற்கேயிருந்து பிழைக்க வந்து அதே வீதியில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த புதிதில் ஒரு நாள் டீக்கடையில் இவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். டீயில் சர்க்கரை பற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"மத்திய அரசைக் கேட்டுக்கறது என்னன்னாங்க, இன்டர்நெட் லைன் பெரிய கம்பெனி வாசலோட நிக்கக் கூடாதுங்க. கடைசிச் சந்து வரைக்கும் வரோணும். ஆமோதிக்கறவங்க கை தூக்குங்க."

எல்லோரும் தூக்கினார்கள். வடை சுட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தூக்கினார். எதற்கென்றே தெரியாமல் நானும் தூக்கினேன். "ஏகமனதாக நிறைவேறிச்சுங்க" என்று நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்து மிச்ச டீயைக் குடித்தார்.

அதற்கப்புறம் அவர் தீர்மானம் போடாத இடத்தை நான் பார்க்கவில்லை. நல்லூரில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த கையோடு, கம்ப்யூட்டரில் நிரப்புகிற அரசாங்கப் படிவங்களெல்லாம் தமிழில் வர வேண்டும் என்று முன்மொழிந்தார். அட்சதை மிச்சமிருந்த கைகளெல்லாம் மேலே போயின. மாப்பிள்ளையும் தூக்கினார். சலூனில் பாதிச் சவரத்தில் எழுந்து, கரண்டைக் கொடுக்காமல் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் அதன் மேல் சாமி படம் வைக்கத்தான் ஆகும் என்று கண்டனம் தெரிவித்தார். முடிதிருத்துபவர் கத்தியோடு கையைத் தூக்கியதில் வரிசையில் காத்திருந்த ஒருவர் பயந்து எழுந்து போய்விட்டார்.

சிரித்தோம். ஆனால் மனிதர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆர்டரை ஈமெயிலில் போட்டுவிட்டு, துணியை வெட்டிய பிறகு 'நான் சொல்லவேயில்லை' என்று ஒருத்தன் கைவிரித்தால் அந்த ஈமெயில் சின்னக் கம்பெனிக்காரனுக்குச் சாட்சியாக நிற்க வேண்டும், அதற்குச் சட்டம் பலமாக இருக்க வேண்டும் என்பார். லைன் கொடுக்க ஒரே கம்பெனி இருந்தால் விலை இறங்காது, நாலு பேர் போட்டி போட வேண்டும் என்பார். தைக்கிற பெண்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்காமல் நாடு முன்னேறாது என்பார். இத்தனைக்கும் மௌஸை அவர் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது.

தைக்கிற பெண்கள் என்றதும் அவர் மனதில் இருந்தது ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, வருஷக்கணக்கில் கம்பெனிகளில் கூலிக்குத் தைத்து, ஒருவழியாகச் சொந்தமாக நாலு மெஷின் போட்டிருந்தாள். சாம்பிள் பீஸ் தைப்பதுதான் அவள் வேலை. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாதிரிக்கு ஒன்றிரண்டு உருப்படி கேட்பானே, அது. முன்பெல்லாம் படம் காகிதத்தில் வரும், தைத்துக் கொடுப்பாள். அப்புறம் கம்பெனிகள் மாறிவிட்டன. படம் ஈமெயிலில் வரும், நீயே எடுத்துக்கொள், தைத்து சாயங்காலமே போட்டோ அனுப்பு என்றார்கள். எங்கள் சந்தில் லைன் இல்லை. மெயின் ரோட்டு நெட் சென்டரில் சினிமாப் படம் பார்க்கிற பையன்கள் எழுந்திருக்கும்வரை அவள் காத்து நிற்பாள். இடம் கிடைக்கும்போது கரண்ட் போகும். அதற்குள் வேலை டவுனில் லைன் வைத்திருப்பவர்களுக்குப் போய்விடும். இப்படியே போனால் மெஷினை விற்றுவிட்டு மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

"அந்த அம்முணி மெஷினை விக்கக் கூடாதுங்க" என்று ஒரு நாள் டீக்கடையில் தீர்மானம் சொன்னார். கை தூக்கச் சொல்லவில்லை. அவர் ஓட்டுக்கு விடாத ஒரே தீர்மானம் அதுதான்.

இந்தச் சமயத்தில்தான் எந்தெந்த வீதிக்கு லைன் அவசியம் என்று விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. கூட்டம் தீர்மானத்தின் வீட்டிலேயே நடந்தது. இவ்வளவு காலமும் டீக்கடையிலிருந்து டெல்லியைக் கூப்பிட்டவர்; டெல்லி இல்லாவிட்டாலும் அதன் ஒரு விரலாவது வீட்டுக்கு வருகிறதே. இளநீர், ஒப்பிட்டு என்று இவர்கள் சொல்கிற போளி, சந்தகை என்கிற இடியாப்பம், தேங்காய்ப்பால் என்று இலை நிறைந்திருந்தது. அதிகாரி சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. சாப்பிட்டுக்கொண்டே, இந்தப் பகுதியில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியவர். பக்கத்தில் இருந்தவரும் அதையே சொன்னார். அப்படியே வரிசையாக எல்லோரும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் விருந்தாளிக்குச் சாப்பாடும் போடுவோம், நாலு வார்த்தை கேட்கவும் கேட்போம். இவர்கள் வேறு ரகம். வீடு தேடி வந்து இலை முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் குறை சொல்வது இவர்களால் ஆகாத காரியம். கூரை ஒழுகினாலும் காற்றோட்டம் நல்லா இருக்குதுங்க என்பார்கள். சரி, தீர்மானம் இருக்கிறாரே என்று தைரியமாக இருந்தேன். அவர் எழுந்தார், தொண்டையைச் செருமினார், கும்பிட்டார்.

"நீங்க எங்க ஊடு தேடி வந்ததே போதுமுங்க. ஒரு கொறையும் இல்லீங்க. இன்னொரு ஒப்பிட்டு வெச்சுக்குங்க."

அதிகாரிக்குச் சந்தோஷம். வேறு சில இடங்களில் நிலைமை ரொம்ப மோசம், முதலில் அங்கே போடுகிறோம், உங்களுக்கு மெதுவாகப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தீர்மானம் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். பந்திக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா சொம்பைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. வரவில்லை.

"ஊருல இருக்க அத்தனை பேரையும் கை தூக்க வச்சிய, அண்ணாச்சி. எனக்காவ ஒரு வார்த்தை சொல்ல முடியல, என்ன? மெஷின கேட்டு ஆள் வந்திருக்கு. குடுத்துருதேன்."

அந்த மனிதரின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அதிகாரி சாப்பிட்டு மூடிவிட்டுப் போன இலையைப் பார்த்தார். பிறகு மொபெட் சாவியை எடுத்தார். பின்னால் நான் தொற்றிக்கொண்டேன்.

சந்து முனையில் பல்லடம் போகிற தனியார் பஸ் ஒன்று ஆள் ஏற்றுவதற்காக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஜீப் மாட்டிக்கொண்டிருந்தது. நாட்டின் முன்னேற்றத்துக்குத் தனியார் பஸ் செய்த உபகாரம் அது ஒன்றுதான். தீர்மானம் மொபெட்டை என்னிடம் விட்டுவிட்டு, வேட்டியைத் தழையவிட்டு, ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், இப்ப நீங்க என்ற ஊட்டு விருந்தாளி இல்லீங்க. ரோட்டுக்கு வந்துட்டீங்க. இனிச் சொல்லலாமுங்க."

சொன்னார். லைன், கரண்ட், தமிழ்ப் படிவம், சட்டம், போட்டி, படிப்பு என்று டீக்கடையிலும் சலூனிலும் கல்யாணத்திலும் நிறைவேற்றியதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். கடைசியில் ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னார். பழக்கதோஷத்தில் ஆமோதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றும் கேட்டுவிட்டார். பஸ் ஜன்னல்களிலிருந்து கைகள் வெளியே வந்தன. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரும் தூக்கினார்.

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கினார். "இதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே, ஐயா?"

"அங்க சொன்னா மரியாதை இல்லீங்க. இங்க சொல்லாம உட்டா நாயம் இல்லீங்க."

அதிகாரி வண்டியைத் திருப்பச் சொன்னார். தீர்மானத்தோடு நடந்தே சந்துக்குள் வந்து கடைசி வீடுவரை பார்த்தார். இந்த முறை யாரும் அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுபடி விருந்தாளி ஆகிவிடுவார் என்று தீர்மானம் கண்ஜாடையில் எல்லோரையும் அடக்கிவிட்டார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் லைன் வந்தது. ஜெசிந்தா மெஷினை விற்கவில்லை. தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். அதைப் பார்க்கத் தீர்மானம் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முதல் ஈமெயிலை நான்தான் படித்துச் சொன்னேன். முன்பே கொடுத்திருந்த சாம்பிளைப் பார்த்துவிட்டு, காலர் அகலம், சிவப்பு அதிகம், கையைத் திரும்பத் தை என்று வெளிநாட்டுக்காரன் எழுதியிருந்தான். ஜெசிந்தாவின் முகம் வாடிவிட்டது. தீர்மானத்துக்கோ தாங்க முடியாத சந்தோஷம்.

"பாருங்க, மொத லெட்டர்லயே கொறை சொல்லீட்டான். அதுதாங்க முன்னேறுன நாடு."

சில வருஷங்கள் கழித்து ஒரு நாள் மத்தியானம், தன் லேபிள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தீர்மானம் அப்படியே போய்விட்டார். டீக்கடை வாசலிலேயே இரங்கல் கூட்டம் போட்டோம். ஜெசிந்தா வந்திருந்தாள், அவளிடம் வேலை பார்க்கிற பெண்களும் வந்திருந்தார்கள். அதிகாரி வந்த அன்றைக்கு முதலில் 'கொறை இல்லீங்க' சொன்ன அதே பெரியவர் இரங்கல் தீர்மானத்தைப் படித்துவிட்டு, ஆமோதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார். போனவருக்குச் செய்கிற கடைசி மரியாதை என்று எல்லோரும் தூக்கினார்கள். ஜெசிந்தா இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கையும் மேலே போகவில்லை.

"ஏனுங்க தம்பி, ஏதாச்சும் கொறைங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

இத்தனை வருஷத்தில் அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன். "அவரு இல்லீங்களே."