பாதி மலையில் நின்ற போர்வை

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பஸ்ஸில் போனால், நான் இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கமாக இருக்கும். வேறு யாராவது இறங்கும் இடத்தில் கூடவே இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருவேன். (குமாரபாளையத்தில் இறங்க வேண்டியவள் ஒரு தடவை சங்ககிரி வரைக்கும் போயிருக்கிறேன்.) அப்படிப்பட்ட நான் ஆயுசில் ஒரே ஒரு முறை ஊரே கேட்கும்படி கத்தினேன். அதுவும் ஒரு பொம்மையைப் பார்த்து.

வடக்கே மலையில் சண்டை நடந்த சமயம் அது. எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அதில் அவரோடு இருந்தது இருபத்திரண்டு நாள். அவர் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். (பெயரைக் கேட்காதீர்கள். அவர் இருந்தபோதே வாயால் சொன்னதில்லை, இப்போது மட்டும் எழுதிவிடுவேனா?) அவரைப் பற்றி நான் நன்றாகப் பார்த்து வைத்திருந்தது காதுகளைத்தான். இரண்டும் முறம் மாதிரி விரிந்து நிற்கும். மற்றபடி நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் தைரியம் வருவதற்குள் லீவு முடிந்துவிட்டது.

கடிதம் மாமனார் பெயருக்குத்தான் வரும். அவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே தெருவுக்கே கேட்கப் படிப்பார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "மற்றவர்களுக்கும் சொல்லவும்." அந்த மற்றவர்கள் நான்தான். எனக்கென்று வரும் அந்த ஒரு வார்த்தைக்காக அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். சண்டை என்று கேள்விப்பட்ட பிறகு இரண்டு மாதமாக அதுவும் வரவில்லை.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் படம் காட்டும் வேன் வந்தது. சர்க்கார் வேன். யுத்தத்துக்காகச் சேமிக்கச் சொல்லிப் படம் காட்டுகிறார்கள், காசு கிடையாது என்றார்கள். காசு கிடையாது என்றால் எங்கள் தெருவில் தறி நின்றுவிடும். பொழுது இறங்கியதும் அத்தை, நாத்தனார் செல்லம்மா, நான் மூன்று பேரும் போய் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டோம். (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.)

முதலில் யார் யாரோ பேசினார்கள். அப்புறம் வந்தது வரைந்த படம். கையால் வரைந்த பொம்மைகள் நடப்பதை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். ஒரு பொம்பளை உண்டியலில் இருந்து காசை எடுத்துக் கீழே விடுகிறாள். காசுகளுக்குக் காலும் கையும் முளைக்கிறது! வரிசையாக நடந்து தபாலாபீசுக்குள் நுழைகின்றன. அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே வரும்போது ஒன்று பூட்ஸ், ஒன்று தொப்பி, ஒன்று போர்வை.

"அண்ணி, போர்வைக்குக் காலு மொளச்சிருக்குது பாருங்க!" என்று செல்லம்மா என் தொடையில் கிள்ளினாள்.

போர்வை பட்டை பட்டையாகக் கோடு போட்டிருந்தது. அச்சு அசல் எங்கள் தறியில் நெய்கிற ஜமுக்காளம்தான். அது குடுகுடுவென்று பனிமலையில் ஏறியது. உச்சியில் ஒரு சிப்பாய் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றிப் பனியை உதறினான் பாருங்கள்.

காது! முறம் மாதிரி இரண்டு காது!

போர்வை பாதி மலை ஏறியிருக்கும். சிப்பாய் அதைப் பார்த்துக் கையை நீட்டினான். அவ்வளவுதான், மிஷின் மாட்டிக்கொண்டு படம் அசையாமல் நின்றது. சிப்பாயின் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு பொட்டு தோன்றி, பழுப்பாகி, ஓட்டையாகி, எரிந்துகொண்டே பெரிதானது. பிலிம் சூட்டில் கருகினால் அப்படித்தான் ஆகுமாம். அது எனக்கு எப்படித் தெரியும்?

எழுந்து நின்று கத்தினேன். "ஏனுங்க! ஐயோ, ஏனுங்க! அங்கிருந்து வந்துருங்க!"

மைதானமே என் பக்கம் திரும்பியது. கட்டினவனைத் தவிர வேறு யாரையும் ஒருத்தி அந்தக் குரலில் கூப்பிட மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். பின்னால் இருந்து ஒரு கிழவர், "ஆரூட்டு மாப்பிள்ளைப்பா அது, துணிக்குள்ள மாட்டிக்கிட்டது?" என்று கேட்டார். அப்புறம் எழுந்த சிரிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானிக்கே கேட்டிருக்கும்.

விளக்கைப் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஆபீசர், "படம் கருகிடுச்சு, இன்னைக்கு இவ்வளவுதான். கடைசித் துண்டு கொஞ்சம்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டுச் சேமிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இவ்வளவுதானா? போர்வை பாதி மலையில் நிற்கிறது. மனுசன் கை நீட்டியபடி நிற்கிறார். இவ்வளவுதான் என்றால் என்ன அர்த்தம்?

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். வீட்டுக்கு ஓடினேன். எங்கள் ஊர் வெக்கைக்கு வீட்டில் போர்வை என்று ஒன்று ஏது? பெட்டி மேல் புது ஜமுக்காளம் மடித்து வைத்திருந்தது. கனமானது, கோடு போட்டது. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்து, ஆபீசர் காலடியில் தொப்பென்று போட்டேன்.

"இதக் குடுத்துருங்க."

"யாருக்கும்மா?"

பெயரைச் சொல்ல முடியுமா? வெறும் வெள்ளைத் திரையைக் கை காட்டினேன். "அங்க நின்னாருங்களே, அவருக்குங்க."

"அம்மா, அது வரைஞ்ச பொம்மை."

"தெரியுங்க. பொம்மையா இருந்தாலும் குளுருமல்லங்க?"

அதற்கும் சிரிப்பு. ஆனால் அவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நாங்க சாமான் வாங்கறதில்லைம்மா. அதுவும் இது விரிக்கிறது, போர்த்தறது இல்லையே" என்றார் மெதுவாக. நெசவுக்காரன் வீட்டு மருமகளுக்கு விரிப்பு எது போர்வை எது என்று ஆபீசர் சொல்லித்தர வேண்டிய நிலைமை! பூமி பிளக்காதா என்று நின்றேன்.

அப்போது அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். செத்தேன் என்று நினைத்தேன். ஏனென்றால் அந்த ஜமுக்காளம், வெள்ளிக்கிழமை செல்லம்மாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காருவதற்கென்றே மாமனார் பார்த்துப் பார்த்து நெய்தது. மூலையில் அவருடைய சிவப்பு நூல் குறி. அத்தை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்கிற கூட்டத்தைப் பார்த்தார்.

"எங்கூட்ல இருந்து குடுக்கறதுதானுங்க" என்றார் ஆபீசரிடம், பல்லைக் கடித்தபடி. "என்ற பையன் அங்க இருக்கறான். அவனுக்கில்லீனா எவனுக்காச்சும் குடுங்க. குடுத்தத நாங்க திருப்பி எடுக்கறதில்ல."

சிரிப்பு நின்றது. ஆபீசர் ஜமுக்காளத்தைத் தூக்கி வேனுக்குள் வைத்தார்.

வீடு வந்து சேர்ந்ததும் அத்தை கேட்டதை எல்லாம் எழுதினால் இந்தத் தாள் தீப்பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பழைய ஜமுக்காளத்தை இரவல் வாங்கி விரித்தோம். மாப்பிள்ளையின் மாமா எழுந்தபோது, அதில் இருந்த பொத்தலில் கால் கட்டைவிரல் மாட்டிப் பலகாரத் தட்டு மேலேயே விழுந்தார். (நல்ல மனுசர். ஜிலேபியோடு எழுந்து சம்பந்தத்துக்குச் சம்மதம் சொன்னார்.)

ஒரு மாதம் கழித்து எருமப்பட்டியில் இருந்து அத்தையின் தங்கை வந்தார். "அக்கா, உங்கூட்டு ஜமுக்காளத்துல உக்காந்துதான் நாங்க படம் பாத்தோம்! வேன்காரரு பொம்பளைங்களுக்குன்னு விரிச்சு உட்டாரு. மூலையில மாமன் குறிகூட இருந்துச்சே!" என்றார்.

செல்லம்மா விழுந்து புரண்டு சிரித்தாள். பனிமலைக்குப் போன ஜமுக்காளம் எருமப்பட்டி தாண்டவில்லை. எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "சின்னத்தை, கடைசியில போர்வை மலைக்குப் போய்ச் சேந்துச்சுங்களா?"

"ஆரு கண்டா? காசு நடக்கறப்பவே நான் தூங்கிப் போட்டேன்."

மறு வருசம் அவர் லீவில் வந்தார். தெருவில் கால் வைப்பதற்குள் ஆளாளுக்குக் கதையைச் சொல்லிவிட்டார்கள். அவர் மலையையே பார்க்கவில்லையாம். சண்டைக் காலம் முழுக்கப் பம்பாய்ப் பக்கம் ஏதோ கிடங்கில், சட்டையில்லாமல் வியர்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"ஏம்புள்ள, அனுப்பறதுதான் அனுப்புன, ஒரு கொசுவலை அனுப்பியிருக்கக் கூடாதா?" என்றார்.

"கடுதாசி ஏனுங்க போடல?" என்று கேட்டேன். தலையை நிமிர்த்தி நான் கேட்ட முதல் கேள்வி அது.

"அப்பன் தெருவுக்கே படிக்குது. உனக்கு எழுத வேண்டியத எப்படி எழுதறது? எழுதி எழுதிக் கிழிச்சேன்" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஐம்பது வருசத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்தேன். மார்கழிக் குளிரில் நான் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டால், கண்ணைத் திறக்காமலே, "வந்து சேந்துருச்சு புள்ள" என்பார். ஒரு வருசம்கூடத் தவறவில்லை. பேரன் பேத்திகள் வரைக்கும் வீட்டில் யாருக்கு யார் போர்வை கொடுத்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அவர் போன அன்றைக்குக் கோடித் துணியை என் கையில் கொடுத்துப் போர்த்தச் சொன்னார்கள். போர்த்தினேன். காதை மட்டும் மூடவில்லை. ஊரே கூடியிருந்தது. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வெட்கமாக இருந்தது. குனிந்தபடியே நின்றேன், அவர் சொல்லட்டும் என்று.

எழுபது தாண்டிய செல்லம்மா என் தோளைப் பிடித்து, காதோரமாகச் சொன்னாள்: "வந்து சேந்துருச்சாம், அண்ணி."

சாவு வீட்டில் நாங்கள் இரண்டு கிழவிகளும் சிரித்துவிட்டோம். அதை இன்றைக்கும் ஊரில் சொல்லிக் காட்டுகிறார்கள்.