அறுபத்து மூன்று தேள் வளைகள்

ஒன்றும் தெரியாத வயதில்தான் நான் மிகத் தைரியமாக எழுதியிருக்கிறேன். கோவில்பட்டியில் விலங்கியல் முதுகலை படித்தபோது வைத்திருந்த கள நோட்டே அதற்குச் சாட்சி.

கரிசல் காட்டுத் தேள்களும் அவற்றின் வாழிடங்களும். இதுதான் என் ஆய்வு. கடம்பூரை அடுத்த மானாவாரி நிலங்களில் இரண்டு மாதம் வெயிலில் அலைந்தேன். தரையில் ஓட்டை தெரிந்தால் போதும், ஸ்கேலால் அளந்து "தேள் வளை" என்று எழுதிவிடுவேன். ஓட்டை பெரிதாக இருந்தால் "முதிர்ந்த தேள்". (ஒரு தேளையாவது பார்த்தேனா என்று கேட்காதீர்கள். பகலில் அது வெளியே வராது என்று படித்திருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.)

அறுபத்து மூன்று வளைகள் சேர்ந்ததும், வழிகாட்டிப் பேராசிரியர் நேரில் பார்க்க வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குப் பட்டம்.

"எங்கம்மா உன் தேளு?"

"இந்தா சார், இருக்கதிலயே பெரிய வளை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று பாட்டில் தண்ணீரை உள்ளே கவிழ்த்தேன்.

அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி ஓடிவந்தாள். அவளுக்கும் என் வயதுதான். "ஏட்டி, அங்கன தண்ணிய ஊத்தாத! அது..."

அவள் முடிப்பதற்குள் என் முதிர்ந்த தேள் மீசையோடு வெளியே வந்தது. கொழுத்த வெள்ளெலி! நேராகப் பேராசிரியரின் பேன்ட்டுக்குள் ஏறியது. அவர் குதித்த குதியில் ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. எலி எதுவரை போய்த் திரும்பியது என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

முத்துலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எலி வளையவா தேள்னு எழுதி வச்சிருக்க? தேள் வளைக்கு வாய் சப்பையா, பிறை கணக்கா இருக்கும். வா, காட்டுதேன்."

வரப்போரத்து வளை ஒன்றில் ஈர்க்குச்சியை விட்டாள். கறுத்த இடுக்கி ஒன்று நீண்டு அதைக் கவ்வியது. நான் பார்த்த முதல் தேள். அவமானத்தை மறந்து கைதட்டிவிட்டேன்.

பேராசிரியர் தட்டவில்லை. "எல்லாத்தையும் திரும்பப் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் எலி, கொஞ்சம் சிலந்தி, இரண்டே இரண்டு தேள். ஒரு வரியையும் அடிக்கவில்லை. பக்கத்திலேயே சிவப்பு மையில் உண்மையை எழுதி நீட்டினேன். அவர் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"தப்ப மறைக்காம வச்சிருக்க பாத்தியா, அதுக்குத்தாம்மா இது" என்று கையெழுத்துப் போட்டார்.

இன்று இந்தக் கரிசல் பகுதியில் தேள் பற்றிச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வருகிற மாணவர்களுக்கு முதலில் அந்த நோட்டைத்தான் காட்டுகிறேன், பெருமையாகவே.

வீட்டில்தான் மரியாதை இல்லை. கயத்தாறு போகும் வழியில் பைக் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் கணவர், "ஏட்டி, தேள் வளை! எழுதிக்கோ" என்பார். போன வாரம் மகளுக்கு முன்பல் விழுந்தது. வாயை ஆவென்று திறந்துகொண்டு, ஸ்கேலும் கையுமாக என் முன்னால் வந்து நின்றாள்.