தையல் கடையிலிருந்து பேசுகிறோம்

"ஹலோ" என்றது ஓர் ஆண் குரல். மாடி கிளினிக்கில் போனைப் பிடித்திருந்த சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டு போனில் ஆண் குரல் கேட்கவே கூடாது. "அந்நேரம் அவர் வேலைக்குப் போயிருப்பார், மாமியார் தூங்குவாங்க" என்று நம்பரைக் கொடுத்த பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

"யாருங்க பேசறது?"

"தையல் கடையிலேர்ந்து பேசறோம். உங்க வீட்டுத் துணி ரெடியா இருக்கு."

இது சிஸ்டரே கண்டுபிடித்த ஏற்பாடு. குடும்ப நல கிளினிக் என்று போனில் சொன்னால் பாதி வீடுகளில் அன்றைக்கே ரகளை. கீழ்த்தளத்தில் நிஜமாகவே ஒரு தையல் கடை இருந்தது வசதியாகப் போயிற்று. பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒருத்தர் ரகசியம்கூட இந்த மாடியை விட்டு இறங்கியதில்லை என்று சிஸ்டருக்கு ஏகப் பெருமை. நடைக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஆண்கள் பிரிவுக்குக்கூட இந்தப் பக்கத்து ரிஜிஸ்டரைக் காட்ட மாட்டார். அவர்களும் தங்களுடையதைக் காட்டியதில்லை.

வழக்கமாகக் கணவன்மார் "சரி, சொல்றேன்" என்று வைத்துவிடுவார்கள். இவரோ குரலைத் தாழ்த்தினார்.

"நெஜமாவா? இப்பவே வரட்டுமா?"

"நீங்களா? நீங்க எதுக்குங்க? அவசரமே இல்ல!"

"இல்ல, இன்னிக்கு லீவுதான். இப்பவே வரேன்."

போனை வைத்துவிட்டார். சிஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், பிழைப்பாளா என்றே சந்தேகமாகிவிட்டது. இன்னொன்று என்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமியாரோ மூன்றாவது பேரப்பிள்ளை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கணவர் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அதனால் யாருக்கும் தெரியாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கருத்தடை ஊசி போட்டுக்கொள்வாள். இந்த முறை ஊசித் தேதி தாண்டிவிட்டது, தள்ளிப்போடக்கூடிய கடைசி நாள் இன்றுதான்.

சிஸ்டர் படிகளில் தடதடவென்று இறங்கினார். தையல்காரர் பல்லில் குண்டூசியைக் கடித்தபடி ஒருவருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒருத்தர் வந்து துணி ரெடியான்னு கேப்பார். எதையாவது குடுத்து அனுப்பிடுங்க."

"எதையாவதுன்னா? இங்க தச்சு முடிச்சது ஒண்ணுதான் இருக்கு. பள்ளிக்கூட நாடகத்துக்குத் தச்ச கரடி உடுப்பு."

"அதையே குடுங்க!"

"அது வாத்தியாருக்குத் தச்சது, சிஸ்டர். மத்தியானம் ஒத்திகை."

"அதுக்குள்ள நான் வாங்கித் தரேன். என் பொறுப்பு."

மாடிப்படியின் அடியில் ஆயாம்மாவை நிறுத்தினார். "தையல் கடைன்னு எந்த ஆம்பளை வந்தாலும் கடைக்குள்ள தள்ளிடுங்க. மேல விடவே கூடாது."

"மந்திரியே வந்தாலும் விட மாட்டேன்" என்றார் ஆயாம்மா.

சிஸ்டர் மூச்சு வாங்க மேலே வந்தால், நாற்காலியில் அந்தப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள். "கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன் சிஸ்டர். ரொம்ப லேட்டாயிடுச்சா?"

சும்மா ஊசியைப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் சிஸ்டருக்கு வாய் நிற்கவில்லை. "உன் வீட்டுக்காரர் வந்துட்டிருக்கார்!"

அவள் முகம் வெளுத்தது. டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இவ்வளவு ஏறியிருக்கும்போது ஊசி போட முடியாது. அரை மணி நேரம் படுக்கட்டும். நல்லா இருந்த பொண்ணை யாரு பயமுறுத்தினது?"

சிஸ்டர் அந்தக் கேள்வி காதில் விழாததுபோல் அவளைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்தார். "பயப்படாதே. நான் இருக்கேன்ல" என்று சொன்னவரே வாசலை மூன்று முறை எட்டிப் பார்த்தார். அவளுக்குப் பிரஷர் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

கீழே ஆயாம்மாவின் குரல் கேட்டது. "தையல் கடையா? அங்க போங்க! அங்கதான்!"

"இல்லம்மா, நான் மேல போகணும்..."

"கடை கீழதான் இருக்கு! போங்கன்னா போங்க!"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. சிஸ்டர் நிம்மதிப் பெருமூச்சு விடப் பார்த்தார். அதற்குள் படியில் காலடி கேட்டது.

வந்தவருக்கு முகமெல்லாம் வேர்வை. கையில் கரடி உடுப்பு. கக்கத்தில் கரடித் தலை. சிஸ்டர் நடையின் குறுக்கே நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார்.

"இதைக் குடுத்து வெளிய தள்ளிட்டாங்க" என்றார் அவர். "எங்களுக்கு எதுக்கு இது?"

"பிள்ளைங்க விளையாடத்தான்..."

"இதுக்குள்ள நானே நுழையலாம்! வழி விடுங்க சிஸ்டர்."

"இது பொம்பளைங்க வர்ற இடம். நீங்க உள்ள வரக் கூடாது."

"எங்க போகணும்னு எனக்குத் தெரியும்." அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "போன் பண்ணது யாருன்னும் தெரியும். இன்னிக்கு விஷயம் தெரியாம நான் வீட்டுக்குப் போக மாட்டேன்."

ஒரு பெண்ணின் உயிர் தன் வாயால் போகப்போகிறதே என்று சிஸ்டருக்கு அழுகை முட்டியது. ஆனாலும் நகரவில்லை. "என்னைத் தாண்டித்தான் போகணும்!"

திரை விலகியது. அந்தப் பெண் வெளியே வந்து சிஸ்டரின் பக்கத்தில் நின்றாள்.

"விடுங்க சிஸ்டர், போதும்." கணவரை நேராகப் பார்த்தாள். "துணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு வருஷமா இங்கதான் ஊசி போட்டுக்கறேன். எனக்கு இன்னொண்ணு வேணாங்க. பயமா இருக்கு. இருக்கற ரெண்டுக்கும் அம்மா வேணும். அத்தைகிட்ட சொல்றதுன்னா சொல்லிக்குங்க."

கரடித் தலை தரையில் விழுந்து உருண்டது. கணவர் அவளை நோக்கிக் கையை நீட்டினார். அடிக்கப்போகிறாரோ என்று சிஸ்டர் ஓர் அடி முன்னால் வந்தார். அவரோ திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

அப்போது தையல்காரர் ஆயாம்மாவையும் மீறி, கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். "கரடியைக் குடுங்க, வாத்தியார் வந்துட்டார்!" என்றவர் கணவரின் முகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"அட, நீங்களா? குனிஞ்ச தலை நிமிராம அளவு எடுத்ததுல கவனிக்கலயே! சிஸ்டர், இவரையா தடுக்கறீங்க? மூணு மாசம் முன்னாடி எதிர் ரூம்ல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, என் கடை ஸ்டூல்ல உக்காந்து, பொண்டாட்டி இன்னொரு பிரசவம் தாங்க மாட்டான்னு அழுதவரு. அது பலிச்சுதான்னு பாக்கற டெஸ்ட் ரிசல்ட் வந்தா இவருக்கும் தையல் கடைன்னுதான் போன் வரும். வீட்டம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாதாம், மாமியார்கிட்ட மறைச்சுப் பேச அந்தம்மாவுக்குச் சுத்தமா வராதாம்!"