மூலைக்குப் பிரஷர்

மேனேஜர் அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததால்தான் அவர் போனில் பேசியது நல்லகாமன் காதில் விழுந்தது.

“பதினோரு வருசமாச்சு. வந்த நாள்லேர்ந்து அதே மூலைதான். ஒரு உபயோகமும் இல்ல, சும்மா இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து பிரஷர் பாருங்க. சரியில்லேன்னா தூக்கிட்டுப் புதுசு போட்ருவோம்.”

நல்லகாமன் கையிலிருந்த லேபிள் கட்டு நழுவியது. ஆரப்பாளையத்தில் அந்தப் பார்சல் ஆபீஸில், தகரக் கூரைக்குக் கீழே, ஜெனரேட்டரை ஒட்டிய மூலையில் பதினோரு வருடமாக இருப்பவன் அவன்தான்.

“வேலையை விட்டுத் தூக்கப் போறாரு தங்கச்சி” என்றான், கம்ப்யூட்டரில் பதிவு போடும் சனோபரிடம்.

“‘இருக்கு’ன்னுதானண்ணே சொன்னாரு?”

“என்னைய என்னைக்கு ஆளாச் சொல்லிருக்காரு? நேத்துக்கூட, ‘மூலை சாப்பிடப் போயிருச்சா’ன்னுதான கேட்டாரு.”

“அட, ஆமாண்ணே” என்றாள் சனோபர்.

நல்லகாமனின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது? இடத்தை மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை கேட்டிருக்கிறான். “மூலையில காத்தே இல்ல சார், தலையைச் சுத்துது.” மேனேஜர் குருபிரசாத் மூன்று தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னார். “காத்து வாங்கவா வேலைக்கு வந்தே?”

அன்று சாயங்காலமே மருந்துக் கடையில் பிரஷர் பார்க்கக் கையை நீட்டினான்.

“நூத்தி அறுபதுண்ணே. டென்ஷனாகாதீங்க. ஆனீங்கன்னா இன்னும் ஏறும்.”

இன்னும் ஏறுமா என்று பயந்து, அங்கேயே நின்று மறுபடி பார்த்தான். நூற்று எழுபது.

“உப்பை நிப்பாட்டுங்கண்ணே. மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்றாள் சனோபர், வியாழக்கிழமை காலையில்.

உப்பில்லாத சோற்றுப் பையைச் சுவரில் இருந்த சிவப்புச் சிலிண்டரில் வழக்கம்போல் மாட்டிவிட்டு, கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது. இழுத்தது முழுக்க டீசல் புகை. கால் மணி நேரம் இருமினான்.

“மூலைக்கு என்னாச்சு?” என்று மேனேஜர் அறைக் கண்ணாடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல சார்! நல்லா இருக்கேன் சார்!”

பயத்தில் எட்டுப் பல் பூண்டைப் பச்சையாக மென்றான். வயிறு எரிந்தது. எரிச்சலில் எழுமலைக்குப் போகவேண்டிய பார்சலில் பரவை லேபிளை ஒட்டினான். குருபிரசாத் ஆபீஸ் நடுவில் நிற்க வைத்துத் திட்டினார். நல்லகாமனின் நெற்றிப் பொட்டில் நரம்பு துடித்தது.

“அதைத் தொட்டுப் பாக்காதீங்கண்ணே, எனக்கே பயமா இருக்கு” என்றாள் சனோபர்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, தோளில் பெரிய பையோடு ஒருவர் வந்தார்.

“பிரஷர் பாக்கணும்னு சொன்னீங்களே சார், எது?”

குருபிரசாத் விரலை நீட்டினார். “அந்தா, மூலையில. அதுதான்.”

வந்தவர் நேராக மூலைக்கு வந்தார். நல்லகாமன் முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிக் கையை நீட்டினான். மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

“கூடக் குறைய இருந்தாலும் கொஞ்சம் பாத்து எழுதுங்கண்ணே. புள்ள படிக்கிது.”

வந்தவர் அந்தக் கையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “கொஞ்சம் தள்ளுங்கண்ணே. பின்னாடி இருக்கிற தீயணைப்பு சிலிண்டரைப் பாக்கணும்.”

சோற்றுப் பையை அவனிடமே கொடுத்துவிட்டு, சிலிண்டரின் தூசியைத் துடைத்து, அதிலிருந்த மீட்டர் முள்ளைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“போச்சு சார். இந்தத் தகரத்துக்கும் ஜெனரேட்டர் வெக்கைக்கும் எது தாங்கும்? புதுசையாவது கொஞ்சம் குளுமையான எடத்துல வைங்க.”

குருபிரசாத் பதறிப்போனார். “அடப் பாவமே! இங்கே இம்புட்டு வெக்கைன்னு யாருமே எங்கிட்டச் சொல்லலையே!”

நல்லகாமன் வாயைத் திறந்தான். அதற்குள் வந்தவர் பையிலிருந்து எடுத்த புதுச் சிலிண்டர் அவன் கையில் இருந்தது.

“தூக்கிட்டுப் போயி என் ஏ.சி. ரூம்ல வையி” என்றார் குருபிரசாத். “வச்சுட்டு வெளிய வந்து கதவைச் சாத்து. காத்துப் போயிரும்.”